சாவி கொடுக்காத ஊழியக்காரர்

அவர் யாருக்கும் எதையும் மறுத்ததே இல்லை. சாவியை மட்டும் கொடுத்ததில்லை.

எங்கள் சபைச் செயலாளரைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பெயர் வேண்டாம். அவருக்கே தன் பெயரைச் சொல்லிக்கொள்வது பிடிக்காது. புதிதாக யாராவது ஆராதனைக்கு வந்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டால், கையைக் கட்டி, தலையைச் சாய்த்து, "நானா? நான் வெறும் ஊழியக்காரன்ங்க" என்பார். அதைச் சொல்லும்போது இடுப்பில் சாவிக்கொத்து ஒரு தடவை குலுங்கும். புதியவர் எந்தச் சத்தத்தை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்.

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி முடித்துவிட்டு ஊருக்குள் திரும்புகிறவர்கள் எங்கள் தேவாலயத்தின் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய கட்டடம், முன்னால் ஒரு வேப்ப மரம், கேட்டை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய். இந்தச் சின்ன உலகத்தில் எதற்கெல்லாம் பூட்டுப் போட முடியுமோ அதற்கெல்லாம் அவர் பூட்டுப் போட்டிருந்தார். பெரிய கதவு, போதகர் அறை, மைக் பெட்டி, கீபோர்டு அலமாரி, பாத்திர அறை, மோட்டார் ரூம், பெண்கள் கழிப்பறை. கர்த்தருடைய இருதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் சாவி இருந்தது.

நான் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவள். சாயந்தரம் பயிற்சி என்றால் அலமாரியைத் திறக்க அவர் வர வேண்டும். அவர் வீடு வேங்கிக்கால் புது நகரில். ஒரு நாள் பணிவாகத்தான் கேட்டேன்.

"ஐயா, ஒரு சாவி எங்கிட்ட இருந்தா உங்களுக்கு அலைச்சல் மிச்சம் இல்லீங்களா?"

அவர் முகம் வாடிப்போயிற்று. "உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் அந்தப் பாரம்? ஆபீஸ் வேல, வூட்டு வேலன்னு எவ்ளோ கஷ்டப்படறீங்க. அப்ப நான் எதுக்கு இருக்கறேன்? ஒரு போன் போடுங்க. ஓடியாந்து தெறக்கறேன்."

வருவார். அதில் குறையே சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் டிவிஎஸ் வண்டியில், சட்டை முதுகோடு ஒட்டிப்போக வருவார். திறந்து விடுவார். திரும்பப் பூட்ட வேண்டுமே என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? "அந்தப் பாட்டு நல்லாதான் கீது. ஆனா பெரியவங்களுக்குப் பழைய ராகம்தான் பிடிக்கும். நான் சொல்றத சொல்லிட்டேன். முடிவு உங்களுது" என்பார். வெயிலில் வந்த மனுஷனிடம் எப்படி வாதாடுவது? அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பழைய ராகம்தான். அதற்கு அடுத்த வருஷமும்.

பெண்கள் கழிப்பறைச் சாவி கதையைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது அவசரம் என்றால் கடைசி பெஞ்சுக்குப் போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் எழுந்து, நமக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு, சாவி குலுங்கக் குலுங்க நடப்பார். சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். கொஞ்ச நாளில் எங்கள் சபைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். அவருக்கு இது தெரியாது. ஞாயிறு அன்று யாரும் சாவி கேட்பதில்லை என்பதால் சபையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று கமிட்டியில் சொன்னார்.

நான் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். அதிகாரத்தை அருகில் இருந்து பார்த்தவள். கலெக்டருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அவர் அறை வாசலில் நிற்கிற டபேதாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது மனு கொண்டுவந்து காத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் சபையில் போதகர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாறுவார்கள். வாசலில் நிற்கிறவர் மாறுவதில்லை.

அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "கடைசி எடம்தான் நமக்கு" என்று பின்னாலேயே உட்காருவார். அதனால் கமிட்டிக் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பி, முதுகை முறுக்கி, பின்பக்கம் பார்த்தே பேசுவோம். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் பின்னாலிருந்து சாவிக்கொத்து ஒரு குலுக்கு. போதகர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவார்.

சபை விருந்திலும் அப்படித்தான். கடைசியாகத்தான் சாப்பிடுவார். அதுவரைக்கும் பிரியாணிக் கரண்டி அவர் கையில். கமிட்டியில் அவரை எதிர்த்துப் பேசியவர் தட்டு நீட்டினால் சோறு மலை மாதிரி விழும், அதன் உச்சியில் ஒரு பிரிஞ்சி இலை. "இன்னும் கொஞ்சம் வச்சிக்கங்க பிரதர், கூச்சப்படாதீங்க" என்று இன்னொரு இலை விழும். கறி எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அத்தனை அன்பாகப் பரிமாறுகிறவரிடம் கறி கேட்பது அநாகரிகம் அல்லவா?

ஒவ்வொரு தேர்தலிலும், "எனக்கு வேணாங்க. வேற யாராவது செய்யட்டும். நான் கூட்டிப் பெருக்கிக்கினு ஒரு ஓரமா இருந்துடறேன்" என்று கண்ணைத் துடைப்பார். உடனே எல்லோரும், "ஐயோ, நீங்க இல்லாம எப்படி?" என்பார்கள். போட்டி இல்லாமல் தேர்வாகிவிடுவார். இது சடங்கு. ஒரு வருஷம், சடங்கு தெரியாத ஒரு வங்கி அதிகாரி, பாவம் வெளியூர்க்காரர், "அப்ப நான் செய்யறேங்க" என்று எழுந்துவிட்டார். சபையே மூச்சை அடக்கிக்கொண்டது. நம்மவர் சிரித்தபடி சாவிக்கொத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு தாழ்மையாக இருந்தது. எந்தச் சாவி எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வங்கி அதிகாரி கதவுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டே ஒவ்வொரு சாவியாக நுழைத்துப் பார்த்தார், பாதிக் கொத்தைத் தாண்டுவதற்குள் ஆராதனை நேரம் வந்துவிட்டது. உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் நம்மவர் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. ஆராதனை வேப்ப மரத்தடியில் நடந்தது. மைக் இல்லை, கீபோர்டு இல்லை, மேலே காக்கைகள். அதற்கடுத்த ஞாயிறு சாவிக்கொத்து பழைய இடுப்புக்கே திரும்பிவிட்டது. வங்கி அதிகாரி வேறு சபைக்குப் போய்விட்டார்.

இவ்வளவு கேலி செய்கிறேனே, ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் டெங்குக் காய்ச்சலில் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தவர் இவர்தான். இரத்தம் கொடுக்க ஆள் பிடித்தவரும் இவர்தான். அந்த உதவியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மறக்க அவரும் விட்டதில்லை. பிறகு ஒரு வருஷத்துக்குச் சபை ஜெபத்தில், "ஆண்டவரே, வேலூருக்குக் கஞ்சி சுமக்கும் பாக்கியத்தை இந்த ஏழைக்குத் தந்தீரே" என்று என் கணவர் காதுபட நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லாத மனுஷன். சபையில் யாருக்காவது அவர் தேவைப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இனி குழாய்க்கு வருகிறேன்.

கேட்டை ஒட்டிய அந்தக் குழாயை எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்ல மனுஷர் வைத்திருக்கிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றி வருகிறவர்கள் அதில் குடிப்பார்கள், முகம் கழுவுவார்கள், வெறுங்காலில் நடந்த புழுதியைக் கழுவிக்கொண்டு போவார்கள். நம்மவர் செயலாளர் ஆனதும் வாசல் சேறாகிறது என்று அதற்கும் ஒரு பித்தளைப் பூட்டு வந்தது. ஆனால் தண்ணீர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் எதையும் மறுப்பதில்லையே. கேட்டில் ஒரு பலகை மாட்டினார். "தண்ணீர் தேவைப்படுவோர் செயலாளரை அணுகவும்" என்று எழுதி, கீழே தன் போன் நம்பர்.

ஆலயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் ஸ்டெல்லாக்கா இருந்தார். கூட்டிப் பெருக்குவது, மணி அடிப்பது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர்தான். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் கீழ்பென்னாத்தூரில், மாமியார் மாமனாரோடு இரண்டு அறை வீட்டில். அக்காவுக்கு அந்தத் தகரக் கூரையை விட்டால் வேறு கூரை கிடையாது.

மாசிப் பௌர்ணமி அன்று மத்தியானம், நடந்து வந்த ஒரு பெண் எங்கள் கேட்டைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் அறைக் குடத்தில் ஒரு சொம்புதான் மிச்சம். அதைக் குடிக்கக் கொடுத்துவிட்டு, முகத்தில் அடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று அக்கா பலகையைப் பார்த்து, சட்டப்படி, செயலாளருக்குப் போன் போட்டார்.

"சாவி எங்க வச்சிக்கிறீங்க ஐயா?"

"நீ எதுக்கும்மா கஷ்டப்படற? நானே வந்து தெறக்கறேன்."

அவர் கிளம்பினார். பௌர்ணமி என்றால் ஊரைச் சுற்றி எல்லா ரோட்டையும் போலீஸ் அடைத்துவிடும். வேங்கிக்கால் தாண்டியதும் தடுப்பில் வண்டி நின்றுவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கருங்கல்லை எடுத்துப் பூட்டின் தலையில் நாலு போடு போட்டார்.

சாயந்தரம் அவர் வந்து சேர்ந்தபோது வாசல் முழுக்க ஈரம். குழாயில் ஜனங்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் அக்காவைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை அதிர்ந்து பேசவில்லை. உடைந்த பூட்டைப் பொறுக்கிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார். மறுநாள் புதுப் பூட்டு வந்தது. அந்த வாரமே கமிட்டியில், குரல் தழுதழுக்க, அவர் சொன்னார்: "ஸ்டெல்லாவுக்கு வயசாயிடுச்சி. கல்லத் தூக்கற வயசா அது? நம்ம சுயநலத்துக்கு அந்த அம்மாவ இன்னும் வேல வாங்கறது பாவம். பொண்ணு வூட்ல போயி நிம்மதியா இருக்கட்டும்."

நான் கமிட்டியில் பெண்கள் சார்பாக இருந்தேன். "பொண்ணு வீட்ல எடமில்லீங்க. அக்கா எங்க போவாங்க?" என்றேன்.

"அதான் சிஸ்டர், நீங்க அன்பா பேசறீங்க. நான் அந்த அம்மாவோட நன்மைக்குப் பேசறேன்."

புதிதாக வந்திருந்த போதகர் சின்ன வயசுக்காரர். அவருக்கு மனசில்லை. ஆனால் எதிர்த்து ஜெயிக்கக் கமிட்டியில் அவருக்காகக் கை தூக்க ஆட்கள் இல்லை. ஈஸ்டருக்கு மறுநாள் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று தள்ளிவைத்தார். அக்காவிடம் நான் சொன்னபோது, அவர் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே, "பூட்டு ஒடச்சது தப்புதாம்மா. அந்தப் பொண்ணு பொழைச்சிக்கினு போச்சி இல்ல?" என்றார். அன்றைக்கு மட்டும் மணி அடிக்க மறந்துவிட்டார்.

ஈஸ்டருக்கு முன்னால் பெரிய வியாழன் வருகிறது. ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, எங்கள் சபையில் போதகர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாற்காலிக்கு நடக்கிற போட்டி சட்டசபைத் தொகுதிக்குக்கூட நடக்காது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஒரு டாக்டர், இரண்டு காண்ட்ராக்டர்கள். ஒரு வருஷம் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்துவிட்டார். பித்தளைத் தாம்பாளத்துத் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து ஆலயத்தில் ஓர் அறிவிப்பு வரத் தொடங்கியது: கால் கழுவப்படுகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே நன்றாகக் கால் கழுவிக்கொண்டு வரவும்.

எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள். சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, புது சாக்ஸ் போட்டு, காரில் வந்து இறங்குவார்கள். கூஜாவில் வெதுவெதுப்பான பன்னீர் கலந்த தண்ணீர் இருக்கும். போதகர் குனிந்து, ஏற்கெனவே கழுவிய காலை மறுபடி நனைத்து, துடைத்து விடுவார். வலது கால் மட்டும். இடது காலின் சாக்ஸைக் கழற்ற நேரமாகும்.

ஸ்டெல்லாக்காவையும் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கலாமே என்று அந்த வருஷம் நம்மவரிடம் கேட்டேன். அவர் அதிர்ந்துபோனார். "வேல செய்யறவங்க கால நாம தொட்டா அவங்களுக்குத்தான் சிஸ்டர் சங்கடமா இருக்கும். அந்தச் சங்கடத்த நாம ஏன் குடுக்கணும்?"

இப்போது ஒரு விஷயம். ஈஸ்டர் எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அந்த வருஷம் பெரிய வியாழனும் பங்குனிப் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்து விழுந்தன. பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் கூடுதல் சரக்கு வாங்கி வைத்தார்கள். எங்கள் கமிட்டியில் யாருக்கும் அது உறைக்கவில்லை. நம்மவர் மட்டும் மாசியில் சூடு கண்டவர் ஆனதால், மத்தியானமே ரோடு அடைப்பதற்கு முன்னால் வந்துவிட்டார். தன் பன்னிரண்டு பேருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர்கள் பெரிய மனுஷர்கள், அவர்களைப் போலீஸ் நிறுத்தாது என்று நினைத்திருக்கலாம்.

உள்ளே புதுச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அதில் தண்ணீர் படக்கூடாது என்று, நாற்காலிகளை வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாமியானாவின் கீழ் போடச் செய்தார். நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. நடுவில் தாம்பாளம், கூஜா, மடித்த துண்டு. சாயந்தரம் ஆனதும் கேட்டை அகலத் திறந்து வைத்து, தோளில் ஒரு துண்டோடு நின்றார்.

போன்கள் வரத் தொடங்கின. டாக்டர் அவலூர்பேட்டை ரோட்டில் நிற்கிறார். காண்ட்ராக்டர் திரும்பிப் போய்விட்டார். ஓய்வுபெற்ற அதிகாரி பழைய அடையாள அட்டையைக் காட்டியும் தடுப்பைத் திறக்கவில்லையாம். "நடந்து வாங்களேன் சார், எல்லாரும் நடக்கறாங்க" என்று போலீஸ்காரர் சொன்னாராம். அந்தச் சாக்ஸோடு எப்படி நடப்பது? நான் உள்ளே கீபோர்டைச் சரிபார்த்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றேன். போதகர் தன் அறையில் அங்கி மாற்றிக்கொண்டிருந்தார். வெளியே ரோடு நிறைய ஜனங்கள், "அண்ணாமலைக்கு அரோகரா" என்ற சத்தம். கேட்டுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு காலி நாற்காலிகள்.

ரோட்டிலிருந்து ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. நாற்காலி, தாம்பாளம், தண்ணீர், துண்டோடு நிற்கிற ஆள் எல்லாவற்றையும் பார்த்தார். வழிநெடுக மோர் கொடுக்கிறார்கள், சோறு போடுகிறார்கள், இங்கே கால் கழுவி விடுகிறார்கள் போல என்று நினைத்திருக்க வேண்டும். "அப்பாடா" என்று முதல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்தார்.

"ஐயா, இது உங்களுக்கு இல்லீங்க" என்றார் நம்மவர்.

"எனக்கு இல்லன்னா வேற யாருக்கு? சேர் காலியாத்தான கீது."

"இதுக்கு ஆள் வராங்க. எந்திரிங்க."

"வரட்டுமே. வந்தா எந்திரிச்சிக்கறேன். காலு எரியுதுப்பா. அந்தக் கூஜாவ எடு."

நம்மவர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் "எடு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார். கேட்டது சத்தமாகவே கேட்டுவிட்டார்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார். "தெரியலியே. யாரு நீங்க?"

அந்தக் கேள்விக்கு நம்மவரிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோன பதில். வேறு எதையாவது சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது.

"நான் வெறும் ஊழியக்காரன்ங்க."

"அப்ப ஊத்து" என்றார் பெரியவர்.

நம்மவர் ஊற்றினார். நின்றபடியே, கூஜாவை உயரப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினார். தண்ணீர் சரியாகக் காலில் விழவில்லை. "கீழ குனிஞ்சி ஊத்துப்பா, வேஸ்டாவுது" என்றார் பெரியவர். வாசல் சேறாகக் கூடாது என்று குழாய்க்கே பூட்டுப் போட்டவரிடம். அவர் குனிந்தார். குனிந்தவர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். குதிகால் வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது, கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. அவர் மெதுவாக உட்கார்ந்தார், முட்டியில் கைவைத்து, வயசான மனுஷர் உட்கார்கிற மாதிரி. கையால் தேய்த்துக் கழுவினார். ஒரு காலைத் தூக்கிய பெரியவர், சாயாமல் இருக்க நம்மவர் தலையிலேயே கையை ஊன்றிக்கொண்டார். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

அதற்குள் மற்ற நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஒரு அம்மா, "டோக்கன் வாங்கணுமாங்க?" என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கூஜா காலியாயிற்று. பன்னீர் தீர்ந்தது. ஸ்டெல்லாக்கா பின்னாலிருந்து பக்கெட்டோடு வந்து பூட்டிய குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். நம்மவர் எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை. கை ஈரம், மடியில் வேறொருவருடைய கால். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து அக்காவிடம் நீட்டினார்.

"எந்தச் சாவிங்க?"

"சின்னது. பச்ச நூலு கட்டினது" என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "செவப்பு நூலு பெரிய கதவு. மஞ்ச நூலு மைக் பெட்டி" என்று முணுமுணுத்தார். வங்கி அதிகாரிக்குச் சொல்லாமல் ஒரு சபையையே மரத்தடிக்கு அனுப்பிய ரகசியம் அவ்வளவுதான்.

போதகர் அங்கியோடு வெளியே வந்து பார்த்தார். பிறகு அங்கியின் கைகளை மடித்துச் சுருட்டிக்கொண்டு நம்மவர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த காலை எடுத்துக்கொண்டார். ஆராதனை ரொம்பத் தாமதமாகத்தான் தொடங்கியது. போதகரின் அங்கி நனைந்திருந்ததால் பிரசங்கம் சுருக்கமாக முடிந்தது. பின்னாலிருந்து சாவி குலுங்க வேண்டிய தேவையே வரவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் கமிட்டி. நாற்காலி கிடைக்காத பெரிய மனுஷர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஆலயத்தைச் சத்திரம் ஆக்கிவிட்டீர்கள் என்றார் ஒருவர். அடுத்ததாக ஸ்டெல்லாக்காவின் விஷயம். எல்லோரும் கழுத்தைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தோம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர்தானே.

அவர் எழுந்து நின்றார். "அந்த அம்மா போயிட்டா பௌர்ணமி அன்னிக்கிக் குழாயத் தெறக்கறது யாரு?"

"நீங்கதான் எப்பவும் வந்து தெறப்பீங்களே" என்றார் டாக்டர்.

"ரோட்ட மூடிடறாங்க. என்னால வர முடியாதுங்க."

தன்னால் முடியாத ஒரு காரியம் உண்டு என்று அவர் சொன்னதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "ஆகவே அந்த அம்மா அங்கயே இருக்கட்டும். கூர மட்டும் ஒழுவுது, மாத்திக் குடுத்துடுவோம்" என்று உட்கார்ந்துவிட்டார். போதகர் அவசர அவசரமாக முடிவு ஜெபம் செய்தார். எங்கே அவர் மனசு மாறிவிடுமோ என்ற பயம்.

அவர் புனிதராக மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். குழாயில் பூட்டு அப்படியே இருந்தது. பூட்டை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. பக்கத்துத் தூணில் ஓர் ஆணி அடித்து, பச்சை நூல் கட்டிய சாவியை அதில் தொங்கவிட்டார். பலகையில் தன் போன் நம்பரை அழித்துவிட்டு, "சாவி ஆணியில் உள்ளது" என்று எழுதச் சொன்னார். மற்ற சாவிகளைக் கடைசி வரை கொடுக்கவில்லை. கீபோர்டு அலமாரிக்கு அவர்தான் வெயிலில் வந்தார். விருந்தில் பிரிஞ்சி இலைகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. கழிப்பறைக்கு மட்டும், அக்காவின் அறையில் ஒரு மாற்றுச் சாவி எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. யார் கொடுத்தார்கள் என்று அக்காவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நிம்மதியாகத் தண்ணீர் குடித்தோம்.

அந்த 'வெறும் ஊழியக்காரன்' பதில் மட்டும் நின்றுபோனது. புதியவர்கள், "நீங்க யாருங்க?" என்று கேட்டால் அவர் தன் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

போன வருஷம் ஓசூரில் மகன் வீட்டில் இறந்துபோனார். எங்கள் சபையில் நினைவு ஆராதனை வைத்தோம். பெரிய மனுஷர்கள் ஒருவர் பின் ஒருவராக மைக் பிடித்தார்கள். எப்பேர்ப்பட்ட தாழ்மை, எப்பேர்ப்பட்ட தொண்டு, சாகும் வரை தன்னை ஊழியக்காரன் என்றே சொல்லிக்கொண்டவர் என்று எல்லோரும் அதையே சொன்னார்கள். கடைசியில் போதகர், கதவருகே நின்றிருந்த ஸ்டெல்லாக்காவைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அக்கா மைக்கை வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

"எல்லா நாளும் அவரு சொல்லிக்கினுதான் இருந்தாருங்க. ஒரு நாளு செஞ்சாரு. அத நான் கண்ணால பாத்தேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி அடிக்கப் போய்விட்டார்.